ஈர மண்ணில் நாவல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடை ஏறுவோர் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவது வழக்கம். நானோ பிம்பிரியில் ஓர் ஆலையில் கருவிகளோடு வாழ்நாளைக் கழித்தவன். புலமை பேச எனக்குத் தகுதி இல்லை. ஆகவே, ஒரு மரத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற இசைவு கேட்டேன். செயலாளரும் பெருந்தன்மையோடு இசைந்தார்.

அந்த மரம் நாவல். அதை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பின் தென்மேற்கு மூலையில் தாழ்ந்த நிலம் ஒன்று இருப்பதை எல்லீரும் அறிவீர்கள். ஆனி பிறந்தால் அங்கே கணுக்கால் அளவு நீர் நிற்கும். புரட்டாசி வரை சேறு காயாது. அவ்விடத்தை இடிபாட்டுக் கற்களால் நிரப்பி, மேலே சிமெண்டுக் கட்டிகள் பதித்து, வண்டிகள் நிறுத்தும் இடமாக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் அது முடிவாகும். அங்கே நிற்கும் ஒற்றை நாவல் மரத்தின் முடிவும் அதோடு முடிவாகும். கை தூக்குவதற்கு முன் நீங்கள் என் பக்கத்தையும் கேட்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் இந்த மண்ணைப் பற்றிக் கூறுகிறேன். கசார்வாடி பவனை ஆற்றின் அண்டையில் அமைந்த ஊர். லோணாவளைக்குத் தெற்கே சையாத்திரி மலையில் பிறக்கும் பவனை, நம்மைக் கடந்து சென்று தாபோடி அருகே முளா ஆற்றோடு கலக்கிறது. புனே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். ஆனால் மலைமுகட்டில் அதைப்போல் ஐந்து ஆறு மடங்கு மழை கொட்டுகிறது. நம் தலைமேல் மழை பெய்யாத நாளிலும் ஆறு பெருகி வருவது அதனால்தான். 2019 ஆகஸ்டிலும் 2024 ஜூலையிலும் பவனை, முளா கரைகளின் தாழ்நிலங்களில் வெள்ளம் புகுந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

இங்குள்ள மண் கரிசல். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை சிதைந்து பிறந்த மண் இது. நம் கோவிற்பட்டிச் சீமையார்க்குக் கரிசலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நனைந்தால் உப்பும், உலர்ந்தால் பிளக்கும். உப்பும்போது மண்ணின் நுண்துளைகள் அடைபட்டுப் போகின்றன. கீழே பாறை, மேலே பசைபோல் களி. நீர் இறங்குவதற்கு வழி இல்லை. வேரும் மூச்சு விடும் உயிர்ப்பொருளே. மண்துளைகளில் காற்று இருந்தால்தான் வேர் உயிர் வாழும். துளைகள் எல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அந்த மூலையில் முன்பு வைத்த இரண்டு குல்மொகர் மரங்கள் ஆவணிக் காற்றில் வேரோடு சாய்ந்தது நினைவிருக்கும். குல்மொகர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம், அழகான மரம், ஆயினும் சேற்றில் கால் ஊன்றத் தெரியாத மரம்.

நாவலோ ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் இயல்பாகவே வளர்வது. இதன் தாயகம் இந்திய நிலமும் அதைச் சூழ்ந்த தென்கிழக்கு ஆசிய நாடுகளும். கரையில் நின்று சில நாள் வெள்ளத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்கு உண்டு. நீரால் எளிதில் உளுத்துப் போகாத மரம் என்பதனால், வட நாட்டில் கிணற்றின் அடிச்சட்டத்துக்கு நாவற்பலகையை இட்டார்கள். புது தில்லியை அமைத்தவர்களும் அதன் அகன்ற சாலைகளில் நாவலை வரிசையாக வைத்தார்கள்.

இந்த மரத்துக்கும் நீருக்கும் உள்ள உறவைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டவர்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் திருவானைக்காவல் இருக்கிறது. ஐம்பெரும் பூதங்களுள் நீருக்குரிய தலம் அது. கருவறையில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அக்கோவிலின் தலமரம் எது? வெண்ணாவல். சம்புகேசுவரம் என்ற பெயரே நாவலால் வந்தது. ஊறும் நீரும் நாவல் மரமும் ஒரே இடத்தில் வழிபடப்படுவதை, நிலத்தின் இயல்பு அறிந்த பெரியோர் வைத்த அடையாளமாகவே நான் காண்கிறேன். நற்றிணையில் அம்மூவனார் பாடிய நெய்தற் பாட்டு ஒன்றிலும் நாவல் கரையோரத்திலேயே நிற்கிறது. அலை மோதும் மணற்கரையில் கருங்கனி விழுந்து கிடக்க, தும்பிகள் அதனைத் தம் இனத்தது என்று எண்ணி மொய்க்கின்றனவாம். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையை முருகன் கேட்ட கதையை இங்கே பிறந்த நம் குழந்தைகளும் அறிவார்கள். ஆனால் நாவற்பழத்தில் மண் ஒட்டிக்கொள்வதைக் கண்டு, அதை ஊதித் தின்ற குழந்தைகள் நம்மிடையே எத்தனை பேர்?

இனி, இந்த நாட்டவர்க்கும் நாவல் அயலன்று. மராத்தியர் இதனை ஜாம்பூள் என்பர். ஊதா நிறத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஜாம்பளா. அதுவும் இப்பழத்தால் வந்ததே. காத்ரஜ் பக்கம் ஜாம்பூள்வாடி என்று ஓர் ஊரும் ஏரியும் உண்டு. பால்கர் மாவட்டத்துப் பஹாடோலி ஊரின் நாவற்பழத்துக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு பல பொருள்களில் நமக்கும் அண்டை வீட்டார்க்கும் பழக்கம் வேறுபடலாம். நாவல் மரத்தடியில் மட்டும் இருவர் நாவும் ஒரே நிறமாகிவிடும்.

அன்பர்களே, இவ்வளவு சொன்னபின், 'ஈர மண்ணுக்கு ஏற்ற மரம்தானே. குழி தோண்டி வைத்துவிட்டால் தானே வளரும்' என்று நீங்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். அவ்வாறு எண்ணித் தோற்ற கதையையே இப்போது கூறப்போகிறேன்.

2008ஆம் ஆண்டு ஆனி மாதம் அந்த மூலையில் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி வெட்டினேன். ஊரில் தென்னைக்கு என் தந்தையார் அப்படித்தான் வெட்டுவார். குழி நிறைய எருவும் செம்மண்ணும் இட்டு, விலை கொடுத்து வாங்கிய நல்ல நாவற்கன்றை நட்டேன். பத்து நாள் செழித்து நின்றது. ஆடியில் மழை வலுத்தது. இலைகள் மஞ்சளாயின, பின் கருகின. நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றிய பேதை நான்! ஆவணியில் கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, குழைந்து, அழுகிய நாற்றம் வீசியது.

அப்போது நம் குடியிருப்பில் தோட்ட வேலை பார்த்த மராத்தியப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். அவரைக் காகா என்றே எல்லாரும் அழைப்போம். குழியை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நீங்கள் வெட்டியது குழி அல்ல, தொட்டி. சுற்றிலும் களிமண் சுவர். பெய்த மழையெல்லாம் இதில் வந்து தங்கிவிட்டது. மரத்தைக் குளிப்பாட்டலாம் ஐயா. குழந்தையைக் குளத்தில் உட்கார வைக்கலாமா?" என்றார்.

அச்சொல்லில் இந்தப் பேச்சின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பொறுத்துக்கொள்வது வேறு, விரும்புவது வேறு. வளர்ந்த நாவல் தேங்கிய நீரைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதை அது விரும்புவதில்லை. வேர் ஊன்றாத இளங்கன்றோ பொறுக்கவும் மாட்டாது. பெரிய மரத்தின் வலிமையைச் சிறு கன்றினிடம் எதிர்பார்த்தது என் பிழை.

இவ்வுண்மை நம் நாட்டு மரத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களான லூசியானா, ஜார்ஜியா முதலியவற்றில் மேஹா என்று ஒரு மரம் உண்டு. ஆப்பிளுக்கு உறவான ஹாதார்ன் என்னும் முள்மர இனத்தைச் சேர்ந்தது. ஆற்றோரச் சதுப்புகளில் தானே முளைத்து நிற்பது. வசந்தத்தின் கடைசியில், மே மாதத்தை ஒட்டி அதன் சிறு செங்கனிகள் பழுத்து நீரில் உதிரும். மக்கள் படகில் சென்று, மிதக்கும் கனிகளை வலையால் அள்ளி வந்து பழப்பாகு காய்ச்சுவார்கள். சதுப்பிலேயே பிறந்த மரம்! ஆயினும் அதைத் தோப்பாக வளர்க்கப் புகுந்தோர், ஈரம் இருந்தும் நீர் வடியும் நிலத்தில் அது இன்னும் நன்றாகக் காய்ப்பதைக் கண்டார்கள். சேற்றில் வளர்வது அதன் பொறுமை. சேறே வேண்டும் என்பது அதன் விருப்பம் அன்று.

காகாவின் அறிவுரைப்படி 2010இல் மீண்டும் முயன்றேன். இம்முறை பலித்தது. அந்த முறையை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, நிலத்தைச் சோதித்தல். முழங்கால் ஆழத்துக்குச் சிறு குழி தோண்டி, அதை நீரால் நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் அங்கே குழி நடவு ஆகாது. மேட்டு நடவே தக்கது.

இரண்டாவது, மேடு அமைத்தல். சித்திரை வைகாசியில் இதைச் செய்யவேண்டும். நிலத்தை மேலாகக் கொத்திவிட்டு, அதன்மேல் ஒன்றரை முதல் இரண்டு அடி உயரமும் ஏழெட்டு அடி அகலமும் உள்ள மண்மேடு எழுப்புக. அவ்விடத்துக் கரிசலோடு, மராத்தியர் முரூம் என்று சொல்லும் சரளை மண்ணையும் மக்கிய எருவையும் கலந்துகொள்க. மேடு கூம்பாக இராமல் ஆமை முதுகுபோல் இருத்தல் நலம். இல்லையேல் முதல் மழையிலேயே கரைந்துவிடும். மேட்டைச் சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, தாழ்ந்த பக்கம் நீர் வழிந்தோட விடுக.

மூன்றாவது, கன்று. விதையால் வளர்க்க விரும்பினால், பழம் தின்ற கையோடு விதையைக் கழுவி ஊன்றிவிடவேண்டும். நாவல் விதை நெல்லைப் போலச் சேமித்து வைக்கத் தக்கதன்று. இரண்டு வாரம் காய்ந்தால் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் எழுவதும் உண்டு; வலியது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குக. விதைக்கன்று காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று அதனினும் விரைவில் காய்க்கும். கொங்கண் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கொங்கண் பஹாடோலி என்னும் வகை பெருங்கனி தருவது.

நான்காவது, நடும் காலம். பொதுவாக மழை தொடங்கும்போது நடுவார்கள். நீர் தேங்கும் நிலத்தில் அவ்வாறு செய்யாமல், மழை தணியும் ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ நடுவது நல்லது. மேடு அதற்குள் அமர்ந்திருக்கும், ஈரமும் இருக்கும், அடுத்த பெருமழைக்கு முன் வேர் ஊன்ற எட்டு மாதம் கிடைக்கும். தண்டும் வேரும் கூடும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது. ஒரு முட்டுக்கோல் நட்டுத் தளர்வாகக் கட்டுக.

ஐந்தாவது, கோடைக் காவல். ஈர நிலத்துக் கன்று நீரால் மட்டுமே சாகும் என்று எண்ணவேண்டா. பங்குனி சித்திரையில் இதே கரிசல் விரல் நுழையும் அளவு பிளந்து, இளவேரை அறுத்துவிடும். முதல் இரண்டு கோடைகளிலும் வாரம் ஒருமுறையேனும் நீர் ஊற்றுக. காய்ந்த சருகால் மூடாக்கு இடுக. ஆனால் சருகு தண்டைத் தொடாதபடி ஒரு சாண் விட்டு இடுக.

ஆறாவது, இடம். நாவல் எழுபது எண்பது அடி ஓங்கக்கூடிய மரம். சுவரிலிருந்தும் குழாய்களிலிருந்தும் இருபத்தைந்து அடியேனும் தள்ளி வைக்கவேண்டும். இதன் கிளை எளிதில் முறியும். ஆகவே பிள்ளைகள் மரமேறலாகாது. உதிர்ந்ததைப் பொறுக்குவதே நாவலுக்குரிய முறை. கீழே பழைய சேலை ஒன்றை விரித்துவிட்டால் பழமும் கெடாது, தரையும் கறைபடாது.

2010இல் நட்ட விதைக்கன்று 2019ஆம் ஆண்டு வைகாசிக் கடைசியில் முதன்முதல் பழுத்தது. ஒரு படி அளவுகூட இராது. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்த மூலையில் நீர் புகுந்து நான்கு நாள் நின்றது. என் மனம் பதைத்தது. நீர் வடிந்தபின் சென்று பார்த்தேன். தண்டில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. மேலே ஓர் இலையும் வாடவில்லை. அன்றைக்குத்தான் அது கன்று என்ற நிலை நீங்கி மரமாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

இனி எதிர்த்தரப்பின் வாதங்களுக்கும் மறுமொழி கூறவேண்டும். அவர்களும் நம்மவரே, அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. கொசு பெருகுகிறது என்கிறார்கள். ஆம், தேங்கிய நீரில் கொசு பெருகும். அதற்கு மருந்து வாய்க்கால், கற்குவியல் அன்று. நிரப்பிவிட்டால் நீர் மறைந்துபோகாது. நம் மூலையிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும். மரம் வந்தால் வெள்ளம் வராதா என்று கேட்டால், வரும் என்றே சொல்வேன். எந்த மரமும் ஆற்றைக் குடித்துவிடாது. ஆனால் மண் திறந்திருந்தால் ஓரளவு நீர் உள்ளே இறங்கும். சிமெண்டின்மேல் அதுவும் இறங்காது. பழம் விழுந்து வண்டிகளில் கறைபடுகிறது என்பது முற்றிலும் உண்மை. ஆண்டில் ஐந்து ஆறு வாரம் வண்டிகளைச் சற்றுத் தள்ளி நிறுத்தவேண்டியிருக்கும். அவ்வளவு விலை கொடுக்க நாம் அணியமா என்பதே கேள்வி. மேலும், நகர்ப்புற மரங்களைக் காக்க 1975ஆம் ஆண்டிலேயே மகாராட்டிர மாநிலம் சட்டம் இயற்றியுள்ளது. உரிய இசைவின்றி மரத்தில் கோடரி வைக்க நமக்கு உரிமை இல்லை என்பதையும் பொதுக்குழு நினைவில் கொள்ளட்டும்.

இறுதியாக ஒன்று. இதைச் சொல்வதற்கு எனக்குச் சிறிது தயக்கம்தான்.

நான் 1974இல் இங்கு வந்தேன். ஐந்தாண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம். என் துணைவியார் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். 1980இல், நம் வீட்டுப் பக்கம் ஒரு நாவல் வைத்தால் என்ன என்று கேட்டார். "நாம் என்ன இங்கேயா இருக்கப்போகிறோம்? எட்டு வருடம் கழித்துப் பழுக்கும் பழத்தை யார் தின்பது?" என்றேன். மறுமுறை கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் பிறகு கேட்கவில்லை. 28 ஆண்டுகள் கழித்துத்தான் என் கை மண்ணைத் தொட்டது. 2019இல் முதல் பழம் உதிர்ந்தபோது அதைப் பொறுக்கிக் கொடுக்க அவர் இல்லை. அந்தப் பழங்களை ஒரு கிண்ணத்தில் இட்டு, உப்புத் தூவி, அவர் படத்தின்முன் வைத்துவிட்டு, பிறகு அண்டை வீட்டு மராத்தியப் பாட்டியின் பேரக் குழந்தைகளுக்குக் கொடுத்தேன். அவர்கள் நாக்கை நீட்டி ஒருவருக்கொருவர் நிறம் காட்டிச் சிரித்தார்கள்.

நம்மில் பலர் இன்றும் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டே வாழ்கிறோம். ஊர் திரும்பும் நாளுக்காக நட வேண்டியவற்றை நடாமல் காத்திருக்கிறோம். அந்த நாள் சிலருக்கு வரும், பலருக்கு வாராது. திரும்பிச் செல்பவர் வைத்த மரமும் இங்கே யாரோ ஒரு குழந்தைக்குப் பழம் தரத்தான் போகிறது. ஆகவே இன்னும் எத்தனை ஆண்டு இருப்போம் என்ற கணக்கை மரத்தோடு போடவேண்டா.

என் வேண்டுகோள் இவ்வளவே. அந்த மூலையைக் கல்லால் நிரப்பவேண்டா. ஒரு வாய்க்கால் வெட்டுவோம். வரும் சித்திரையில் மூன்று மேடுகள் எழுப்புவோம். நிற்கும் மரத்தடியில் ஆனியில் பொறுக்கும் விதைகளை நம் பிள்ளைகளே ஊன்றட்டும். அடுத்த ஆண்டு புரட்டாசியில் அவர்களே நடட்டும். மண்வெட்டி பிடிக்க எனக்கு வலிமை குறைந்துவிட்டது. ஆனால் எங்கே வெட்டக்கூடாது என்று காட்ட இன்னும் கை நீளும்.

 வாழ்க தமிழ், செழிக்க நாம் வாழும் இந்நிலம்!